லோக்கல் சர்வரில் எச்டிடிபிஎஸ்: திறக்கிறதா என்பதோடு, மறுக்கிறதா என்றும் பாருங்கள்

கேள்வி இது: "என் கணினியில் ஓடும் வெப் சர்வரை எச்டிடிபிஎஸ்ஸில் சோதிக்க வேண்டும். நானே ஒரு சான்றிதழ் செய்து போட்டேன். பிரவுசர் எச்சரிக்கிறது, 'பரவாயில்லை' என்று அழுத்தி உள்ளே போய்விடுகிறேன். ஆனால் பேக்எண்டிலிருந்து அதே சர்வரை அழைத்தால் சான்றிதழ் பிழை வருகிறது. அதனால் சரிபார்ப்பையே அணைத்து வைத்திருக்கிறேன். போனில் வைஃபை முகவரி போட்டு சாதாரண எச்டிடிபியில் திறந்தால் பக்கம் வருகிறது, கேமரா மட்டும் வரமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்வது எப்படி?"

மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள். உங்கள் சான்றிதழை யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க வழி இருக்கிறது, அதுவும் ஐந்து நிமிட வேலைதான். நீங்களோ எச்சரிக்கை வரும் இடத்திலெல்லாம் வாயை அடைத்துக்கொண்டே போகிறீர்கள். சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

முதலில், எச்டிடிபிஎஸ் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? பாதிப் பேருக்கு வேண்டாம். கணினி தன்னைத்தானே அழைக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரையும் 127.0.0.1 என்ற முகவரியையும், வெறும் எச்டிடிபியாக இருந்தாலும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பாதுகாப்பான இடமாகவே எடுத்துக்கொள்கின்றன. தகவல் கணினியைத் தாண்டி வெளியே போவதில்லை, நடுவில் ஒட்டுக் கேட்க ஆள் இல்லை. அதனால் சர்வீஸ் வொர்க்கர், கேமரா, மைக், இருப்பிடம் எல்லாம் அங்கே சான்றிதழ் இல்லாமலே ஓடும்; பாஸ்கீ (கடவுச்சொல் இல்லாத லாகின்) மட்டும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில்தான் ஓடும், எண் முகவரியில் ஓடாது. அதே பக்கத்தை 192.168.1.20 போன்ற வைஃபை முகவரியில் திறந்தால் அந்தச் சலுகை போய்விடும். போனில் கன்சோலைத் திறந்து பாருங்கள்: கேமராவைக் கேட்கும் மீடியா டிவைசஸ் என்ற பொருளே அங்கே இருக்காது. அனுமதி மறுக்கப்படவில்லை, கேட்பதற்கான வாசலே வைக்கப்படவில்லை. உங்கள் கேமரா மர்மம் அவ்வளவுதான். போனுக்குக் கடைசியில் வருகிறேன்.

அப்படியானால் எப்போது வேண்டும்? செக்யூர் என்று குறித்த, அதாவது எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே போகும் குக்கிகளை நம்பி லாகின் செய்தால் வேண்டும். லோக்கல்ஹோஸ்ட்டில் எச்டிடிபியிலேயே அந்தக் குக்கியை குரோம் 89ஆம் பதிப்பு முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 75ஆம் பதிப்பு முதலும் ஏற்றுக்கொள்கின்றன. சஃபாரி இந்த விஷயத்தில் கறார். வேறு தளத்துக்குள் ஐஃபிரேமாக உட்காரும் பக்கம் என்றால் குக்கி வேறு தளத்துக்குள்ளும் போகலாமா என்று சொல்லும் சேம்சைட்டை 'நன்' (கட்டுப்பாடு எதுவும் இல்லை) என்று வைக்க வேண்டும், அதற்கு செக்யூர் கட்டாயம். எச்டிடிபி 2 சோதிக்க வேண்டுமென்றாலும் வேறு வழியில்லை; பிரவுசர்கள் அதை டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் அடியில் இருக்கும் குறியாக்க அடுக்கு) மேல் மட்டுமே பேசும். ஒரு ஹோஸ்ட்டுக்கு ஆறு இணைப்பு என்ற பழைய வரம்பில் உங்கள் லைவ் அப்டேட் மாட்டிக்கொண்டு நின்றால் இது நினைவுக்கு வரட்டும். இவை தவிர, லோக்கல்ஹோஸ்ட் அல்லாத பெயர் வைத்தால், இன்னொரு கருவியிலிருந்து திறந்தால், வெப்சாக்கெட்டைப் பாதுகாப்பான வடிவில் சோதித்தால், எச்டிடிபிஎஸ் வேண்டும்.

பெயர் என்றதும் ஒரு பழைய கதை. டெவலப்பர்கள் பலர் தங்கள் லோக்கல் தளங்களுக்கு .டெவ் என்று முடியும் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டொமைன் கூகுளுக்குச் சொந்தமாகிவிட்டது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, .டெவ் முழுவதையும் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறப்பேன் என்று பிரவுசருக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டது. ஒரே இரவில் எத்தனையோ பேரின் லோக்கல் தளங்கள் படுத்துவிட்டன. இதற்கென்றே 1999இலேயே ஒதுக்கி வைத்த பெயர் இருக்கிறது: .டெஸ்ட். அதை யாரும் வாங்க முடியாது, விற்கவும் முடியாது. எந்தப் பெயர் எந்த முகவரி என்று உங்கள் கணினிக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து கடை.டெஸ்ட், ஏபிஐ.கடை.டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். .லோக்கல் என்று வைக்காதீர்கள். அது ஒரே வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்கு உரியது. சில சமயம் பெயர் கிடைக்கச் சில நொடி இழுக்கும், காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இனி சான்றிதழ். அது ஒரு சாட்சிச் சீட்டு: இந்தப் பொதுச்சாவி இந்தப் பெயருக்கு உரியது, இதற்கு இன்னார் சாட்சி என்று சொல்கிறது. நீங்கள் செய்து போட்டது தனக்குத் தானே சாட்சி சொல்லும் சீட்டு. பிரவுசர் நம்பாததில் ஆச்சரியம் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பொதுச் சான்றளிப்பாளரிடம் லோக்கல்ஹோஸ்ட்டுக்குச் சான்றிதழ் கேட்டாலும் கிடைக்காது. அந்தப் பெயர் உலகில் எல்லோருக்கும் சொந்தம், அதனால் யாருக்கும் சொந்தமில்லை. எனவே வீட்டுக்குள் செல்லுபடியாகும் ஒரு குட்டிச் சான்றளிப்பாளரை நீங்களே உருவாக்கி, உங்கள் கணினியை அதை நம்பச் செய்து, அதன் கையொப்பத்தோடு சர்வர் சான்றிதழ் வாங்குவதுதான் முறை.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டளைக் கருவியில் இதைக் கையால் செய்யலாம். ஒரு தடவை செய்து பாருங்கள், படிப்பு நன்றாக ஏறும். தினசரி வேலைக்கு எம்கேசெர்ட் போதும். ஃபிலிப்போ வால்சோர்டா 2018இல் வெளியிட்ட சின்னக் கருவி அது. இன்ஸ்டால் என்று ஒரு கட்டளை கொடுத்தால் ரூட் சான்றிதழை, அதாவது அந்தக் குட்டிச் சான்றளிப்பாளரின் சொந்தச் சான்றிதழைச் செய்து உங்கள் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். அடுத்த கட்டளையில் வேண்டிய பெயர்களை வரிசையாகக் கொடுத்தால் சான்றிதழ் ஒன்றும் சாவி ஒன்றுமாக இரண்டு கோப்பு கிடைக்கும். இரண்டையும் சர்வரின் கன்ஃபிகில் காட்டினால் முடிந்தது.

கையால் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான். பழைய குறிப்புகளைப் பார்த்து காமன் நேம் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிட்டு, முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். 2017இல் வந்த குரோம் 58 முதல் அந்த இடத்தை குரோம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெயர்கள் மாற்றுப்பெயர்ப் பட்டியலில், அதாவது சான் என்று சுருக்கமாகச் சொல்லும் பகுதியில் இருக்க வேண்டும். அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு: 127.0.0.1 என்பதை டிஎன்எஸ் வகையாக எழுதினால் செல்லாது, ஐபி வகை என்று எழுத வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட பெயர் ஒரு படிக்கு மட்டுமே பொருந்தும். *.கடை.டெஸ்ட் என்பது ஏபிஐ.கடை.டெஸ்ட்டுக்குச் சரி, வி1.ஏபிஐ.கடை.டெஸ்ட்டுக்குச் சரிவராது. வெறும் *.டெஸ்ட் என்று வாங்கினால் பல பிரவுசர்கள் ஏற்காது.

ரூட்டின் தனிச்சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் கணினியின் கண்ணுக்கு அவர் எந்த வங்கியாகவும் எந்த மெயில் தளமாகவும் வேடம் போடலாம். லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே ஏற்றி விற்ற சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் 2015இல் இதைத்தான் நிரூபித்துக் காட்டியது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரூட், ஒரே தனிச்சாவி. அதைப் பிரித்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. எனவே குழுவில் ஆளுக்கொரு ரூட் இருக்கட்டும். "எல்லாரும் இதையே போட்டுக்கோங்க" என்று சாவியைக் குழுவின் கிட் களஞ்சியத்தில் ஏற்றி வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாவது தொல்லை, பேக்எண்ட். பிரவுசர் நம்பிவிட்டது, நோட்.ஜேஎஸ் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? நம்பிக்கைப் பட்டியல் கணினிக்கு ஒன்று என்று நினைப்பதுதான் தவறு. ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒன்று, ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி, ஜாவாவுக்குத் தனி. நோட்.ஜேஎஸ் தன் பட்டியலை உள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் செர்டிஃபை என்ற பொதியில் இருப்பதைத்தான் பார்க்கும். நோட்.ஜேஎஸ்ஸுக்கு 'நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் ரூட் கோப்பின் பாதையைக் கொடுங்கள். பைத்தானுக்கு 'ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில்' இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நடக்காது. முன்னது இருக்கும் பட்டியலோடு உங்கள் ரூட்டைச் சேர்க்கும். பின்னது பட்டியலையே மாற்றிவிடும். உங்கள் ரூட்டை மட்டும் கொடுத்தால் வெளியுலகத் தளங்கள் எல்லாம் தோற்றுப்போகும். இரண்டையும் ஒட்டிய கோப்பாகக் கொடுக்க வேண்டும்.

ஆப்பைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் என்றால் இன்னொரு மடங்கு. கன்டெய்னருக்குள் ஓடுவது தனி லினக்ஸ், அதற்கு உங்கள் ரூட்டைப் பற்றி எதுவும் தெரியாது. டெபியன் வகை இமேஜில் யூஎஸ்ஆர் லோக்கலின் கீழ் உள்ள சிஏ சர்டிஃபிகேட்ஸ் கோப்புறையில் போட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். கோப்பின் பெயர் .சிஆர்டி என்று முடியாவிட்டால் அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நான் இதில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். அப்புறம், கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே, உங்கள் கணினி அல்ல. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை: லினக்ஸ் பக்கம் எம்கேசெர்ட்டை ஓட்டிவிட்டு விண்டோஸ் பக்கத்து குரோம் ஏன் நம்பவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் பக்கம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் எஸ்எஸ்எல் புரோட்டோகால் எரர் என்கிறது. உடனே சான்றிதழைக் குடையாதீர்கள், சர்வர் லாகைப் பாருங்கள். அங்கே ஒரு கோரிக்கை வரியின் இடத்தில் குப்பை போல 16 03 01 என்று தொடங்கும் பைட்டுகள் கிடந்தால் விஷயம் தெளிவு. டிஎல்எஸ்ஸில் ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் அதன் வகையைச் சொல்லும். பதினாறடிமானத்தில் 16 என்றால் கைகுலுக்கல். அடுத்த இரண்டும் பதிப்பு எண். அதாவது பிரவுசர் கை நீட்டியிருக்கிறது, எதிரே நிற்பது டிஎல்எஸ் தெரியாத வெறும் எச்டிடிபி சர்வர். ஜாங்கோவின் டெவலப்மெண்ட் சர்வர் இதைப் புரிந்துகொண்டு, "எச்டிடிபிஎஸ்ஸில் வருகிறீர்கள், எனக்கு எச்டிடிபி மட்டும்தான் தெரியும்" என்று நாகரிகமாகவே சொல்லும். தலைகீழாக நடந்தால், அதாவது டிஎல்எஸ் போர்ட்டுக்கு வெறும் எச்டிடிபி வந்தால், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 400 பிழையோடு காரணத்தையும் எழுதிக் காட்டும். இந்த மூன்று பைட்டை அடையாளம் தெரிந்துகொண்டால் எத்தனையோ மணி நேரம் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ் கிளையன்ட் கட்டளைதான் என் முதல் ஆயுதம். ஹோஸ்ட்டையும் போர்ட்டையும் கொடுத்தால் சான்றிதழ்ச் சங்கிலி, டிஎல்எஸ் பதிப்பு எல்லாம் கொட்டும். கடைசியில் வெரிஃபை ரிட்டர்ன் கோட் என்று ஓர் எண் வரும். 0 என்றால் சரி. 10 என்றால் காலாவதி. 18 என்றால் தனக்குத் தானே சாட்சி சொல்லும் சீட்டு. உங்களுக்கு இப்போது வருவது இதுதான். 19 என்றால் சங்கிலி ஒரு ரூட்டில் போய் முடிகிறது, அந்த ரூட்டை இவருக்குத் தெரியாது. 20ம் 21ம் வந்தால் கையொப்பமிட்டவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே போர்ட்டில் பல தளங்கள் ஓடினால் சர்வர்நேம் விருப்பத்தில் பெயரைக் கொடுங்கள், வேறு தளத்தின் சான்றிதழைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முக்கியமாக, இந்தக் கட்டளை தானாகப் பெயரைச் சரிபார்க்காது. சங்கிலி சரி, பெயர் தவறு என்றாலும் 0 என்று சிரிக்கும். வெரிஃபை ஹோஸ்ட்நேம் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் முழுச் சோதனை.

அந்த 21ஐப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். லோக்கலில் எல்லாம் பச்சையாக இருந்துவிட்டு, வெளியே போட்ட மறுநாள் "பிரவுசரில் வருகிறது, கர்லில் வரவில்லை" என்று ஒரு புகார் வரும் (கர்ல் என்பது கட்டளை வரியிலிருந்து தளங்களை அழைக்கும் கருவி). காரணம், நிஜ உலகில் ரூட் நேரடியாகக் கையொப்பமிடுவதில்லை. நடுவில் ஓர் இடைச் சான்றிதழ் இருக்கும். அதையும் சர்வர் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்ப மறந்தாலும் குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸ் முன்கூட்டியே வைத்திருக்கும். கர்லும் உங்கள் பேக்எண்டும் அப்படிச் செய்யாது. எம்கேசெர்ட்டிலோ ரூட்டே நேராகக் கையொப்பமிடுவதால் இந்தத் தவறு லோக்கலில் தலைகாட்டவே வழியில்லை. அதைச் சோதிக்க எனக்குப் பிடித்தது கேடி என்ற வெப் சர்வர். அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னாலே தனக்கென ஒரு ரூட், ஓர் இடைச் சான்றிதழ், 12 மணி நேரம் மட்டும் வாழும் சர்வர் சான்றிதழ் என்று வரிசையாக உண்டாக்கிக்கொள்ளும். ஆயுள் குறைவாக இருப்பதால், புதுப்பித்தலில் ஏதாவது கோளாறு இருந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

முன்னால் கேடியோ என்ஜின்எக்ஸோ ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் வாயிலாக நின்று டிஎல்எஸ்ஸைப் பார்த்துக்கொள்ள, பின்னால் உங்கள் ஆப் வெறும் எச்டிடிபியில் ஓடும் அமைப்பு, வெளியே இருக்கப்போவதை ஒத்திருக்கும். அதனால் நல்லது. ஆனால் முதல் நாளே முடிவில்லாத ரீடைரக்ட்டில் சுற்றத் தொடங்குவீர்கள். பிராக்ஸியிலிருந்து எச்டிடிபியாக வரும் கோரிக்கையைப் பார்த்த ஆப், "எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்று அனுப்பும், பிரவுசர் போகும், பிராக்ஸி மறுபடி எச்டிடிபியாகக் கொடுக்கும். வந்தது எச்டிடிபிஎஸ்ஸில்தான் என்று சொல்லும் எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ என்ற ஹெடரைப் பிராக்ஸி அனுப்ப வேண்டும், ஆப் அதை நம்பும்படி அமைக்க வேண்டும். அந்தப் பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் நம்பு என்று அமையுங்கள். யார் அனுப்பினாலும் நம்பினால் அது வேறு ஓட்டை.

ரீடைரக்ட் சோதனையில் 301 (நிரந்தரம்) வேண்டாம், 302 (தற்காலிகம்) போடுங்கள். 301ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் கோடை மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே போகும். இதைவிடக் கடுமையானது எச்எஸ்டிஎஸ் ஹெடர். "இனி இந்தப் பெயரை எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திற" என்று பிரவுசருக்குச் சொல்வது அது. அது பெயருக்கு உரியது, போர்ட்டைப் பார்க்காது. சில வருடம் முன்பு ஒரு வேலையிடத்தில் லோக்கல்ஹோஸ்ட் 8443இல் அந்த ஹெடரை ஒரு வருட ஆயுளோடு அனுப்பிவிட்டேன். மதியம் 3000இல் ஓடிய வேறொரு புராஜெக்ட் திறக்கவில்லை. லாகில் நம்ம பழைய நண்பர் 16 03 01. வேடிக்கை என்னவென்றால், எச்சரிக்கையை அழுத்தித் தாண்டிக்கொண்டிருந்த நாட்களில் இது நடக்கவே இல்லை; சான்றிதழில் பிழை இருந்தால் பிரவுசர் எச்எஸ்டிஎஸ் ஹெடரைக் கண்டுகொள்ளாது. நம்பும்படி சான்றிதழ் போட்ட பிறகுதான் கண்ணி விழுந்தது. இப்போதைய குரோம் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு விலக்கு கொடுத்துவிட்டது என்றாலும், .டெஸ்ட் பெயர் வைத்து, ஆயுளை 60 நொடி என்று கொடுத்துச் சோதியுங்கள். மாட்டிக்கொண்டால் குரோமின் நெட் இன்டர்னல்ஸ் பக்கத்தில் அந்தப் பெயரை அழிக்கலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் இணைப்பைத் திறக்க வைக்கும் வேலை. நான் சோதனை என்று சொல்வது இதற்கு அப்புறம் தொடங்குகிறது. பாதுகாப்பான இணைப்பின் வேலை சரியானவரை உள்ளே விடுவது மட்டுமா? தவறானவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். நல்ல சான்றிதழை மட்டும் வைத்துச் சோதித்தால், எதையும் சரிபார்க்காத கோடும் ஜம்மென்று பாஸாகிவிடும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பிழை இதற்கு நேரடிச் சாட்சி. 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரே வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓடி, கையொப்பச் சரிபார்ப்பையே தாண்டிப் போனது. நல்ல சர்வர்கள் எல்லாமே வழக்கம்போல் திறந்தன. கெட்ட கையொப்பத்தோடு ஒரு சர்வரை நிறுத்திப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

கர்லிலும் இப்படி ஒரு பொறி இருந்தது. பெயரைச் சரிபார்க்கும் விருப்பத்துக்கு 2 என்று கொடுக்க வேண்டும். பிஎச்பியில் எழுதியவர்கள் இயல்பாக ட்ரூ என்று கொடுத்தார்கள், அது 1 ஆக மாறியது; அன்றைக்கு 1 என்றால் பெயர் பொருந்தாவிட்டாலும் போகட்டும் என்று அர்த்தம். 2012இல் இது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, அதே ஆண்டில் வந்த 7.28.1 பதிப்பில் 1 என்பதைப் பிழையாக்கினார்கள். எழுதியவர்கள் எல்லோரும் சரிபார்ப்பை இயக்கிவிட்டோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே லோக்கலில் வேண்டுமென்றே கெட்டுப்போன மூன்று சான்றிதழ்களை வைத்துக்கொள்ளுங்கள்: நேற்றோடு காலாவதியானது ஒன்று, வேறு பெயருக்கு வாங்கியது ஒன்று, யாருக்கும் தெரியாத ரூட் கையொப்பமிட்டது ஒன்று. மூன்றையும் மூன்று போர்ட்டில் நிறுத்தி, உங்கள் பேக்எண்ட் கிளையன்ட்டை ஒவ்வொன்றாக அழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் தோற்க வேண்டும், அதுவும் அந்தந்தக் காரணத்தைச் சொல்லித் தோற்க வேண்டும். போர்ட் மூடியிருந்து தோற்பதும் தோல்விதான், அதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. இதை யூனிட் டெஸ்ட்டோடு சேர்த்து எழுதிவிட்டால், என்றைக்காவது யாராவது அவசரத்தில் சரிபார்ப்பை அணைத்தால் பில்டு உடையும். உங்கள் கோடில் இப்போது கிடக்கும் அந்த அணைப்பும் அப்போது தானே கையை உயர்த்தும். லோக்கலுக்காக மட்டும் என்று எழுதிய அந்த ஒரு வரி எத்தனை இடங்களில் வெளியுலகம் வரை போயிருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். கர்லுக்குச் சரிபார்ப்பை அணைக்கும் மைனஸ் கே போடுவதும் அதே ரகம். வெளியே சோதிக்க பேட்எஸ்எஸ்எல் என்ற தளம் இருக்கிறது. இதே மாதிரி கெட்ட சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பழைய டிஎல்எஸ் பதிப்புகளை உங்கள் சர்வர் மறுக்கிறதா என்பதையும் இந்த வரிசையில் சேருங்கள். 1.0ம் 1.1ம் 2021இல் முறைப்படி ஓய்வு பெற்றுவிட்டன. எஸ் கிளையன்ட்டில் 1.1 மட்டும் என்று கேட்டு, இணைப்பு முறிந்தால் சரி என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 இயல்பான அமைப்பில் தானே பழைய பதிப்பைப் பேச மறுக்கும். முறித்தது சர்வரா, உங்கள் கருவியா? கிளையன்ட் பக்கப் பாதுகாப்பு மட்டத்தை 0 என்று இறக்கிவிட்டுக் கேட்டால்தான் பதில் சர்வரிடமிருந்து வரும்.

கடைசியாக உங்கள் போன். ஆண்ட்ராய்டாக இருந்தால் யூஎஸ்பி கேபிளில் சொருகி, ஆண்ட்ராய்டின் டெவலப்பர் கருவியான ஏடிபியின் ரிவர்ஸ் கட்டளையில் போர்ட் எண்ணைக் கொடுங்கள். போனின் லோக்கல்ஹோஸ்ட் 3000 அப்படியே உங்கள் கணினியின் 3000க்கு வந்து சேரும். போனின் குரோமுக்கு அது லோக்கல்ஹோஸ்ட்தான், எனவே சான்றிதழ் இல்லாமலே கேமரா திறக்கும். கேமராவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வைஃபையில்தான் வேண்டும், ஐபோனிலும் வேண்டும் என்றால் கணினியின் ஐபியையும் சான்றிதழில் சேர்த்து, எம்கேசெர்ட்டின் ரூட் சான்றிதழைப் போனில் ஏற்ற வேண்டும். சான்றிதழை மட்டும், சாவியை அல்ல. ஐபோனில் புரொஃபைலாக இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. ஜெனரல், அபவுட், அதன் அடியில் உள்ள சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் என்ற இடத்துக்குப் போய் அந்த ரூட்டுக்கு எதிரே இருக்கும் பொத்தானைத் தள்ள வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர் நிற்பது இங்கேதான். கையால் சான்றிதழ் செய்தவர்கள் பத்து வருட ஆயுள் கொடுத்திருந்தால் அதுவும் செல்லாது. சர்வர் சான்றிதழுக்கு ஆப்பிளின் உச்சவரம்பு, நீங்களே சேர்த்த ரூட்டாக இருந்தாலும், 825 நாள். ஆண்ட்ராய்டில் குரோம் நீங்கள் ஏற்றிய ரூட்டை நம்பும். ஆனால் 7ஆம் பதிப்பு முதல் ஆப்கள் தாமாக நம்புவதில்லை. உங்கள் சொந்த ஆப் என்றால் நெட்வொர்க் செக்யூரிட்டி கன்ஃபிகில் டீபக் பில்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் போனிலிருந்து ரூட்டை எடுத்துவிடுங்கள்.

குழுவில் பத்துப் போன் இருந்தால் இதெல்லாம் மாரடிப்பு. அப்போது நான் வேறு வழியில் போவேன்: சொந்தமாக ஒரு டொமைன் இருந்தால் அதன் கீழ் ஒரு துணைப் பெயரை 192.168.1.20 என்ற உள் முகவரிக்குக் காட்டிவிட்டு, டிஎன்எஸ் பதிவு மூலம் உரிமையை நிரூபிக்கும் முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கலாம். சர்வர் வெளியுலகுக்குத் தெரிய வேண்டியதில்லை, எந்தப் போனிலும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் இப்படி வாங்கும் ஒவ்வொரு பெயரும் சான்றிதழ் வெளிப்படைப் பதிவேடுகளில் யாரும் பார்க்கும்படி ஏறிவிடும், எனவே வெளிவராத புராஜெக்ட்டின் பெயரை அதில் வைக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் போனில் பெயரே கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரைச் சந்தேகியுங்கள். வெளி டிஎன்எஸ்ஸிலிருந்து உள் முகவரி பதிலாக வந்தால் சில ரவுட்டர்கள் அதைத் தாக்குதல் என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடும். அந்த டொமைனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் பக்கம் திறந்துவிடும்.